தணிந்ததா, தணித்தார்களா?

மழை நின்றால் எங்கள் பக்கம் 'மழ வெறிச்சிருச்சு' என்பார்கள். காய்ச்சல் விடும். வெக்கை தணியும், காற்று அடங்கும், வலி மட்டுப்படும், கோபம் ஆறும். வெள்ளம் வடியும், வீக்கம் வற்றும், சண்டை ஓயும். ஒன்றுக்குரிய வினையை இன்னொன்றுக்குப் போட்டால் ஊரில் சிரிப்பார்கள். காய்ச்சல் வடிந்தது என்று யாரும் சொல்வதில்லை. வெள்ளம் ஆறியது என்று சொன்னால், ஏதோ கவிதை எழுதுகிறான் போல என்று விட்டுவிடுவார்கள்.

ஆங்கிலத்தில் இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே வினைச்சொல்லை வைத்துச் சமாளித்துவிடலாம்: அபேட். புயலும் அபேட் ஆகும், காய்ச்சலும் ஆகும், கோபமும் ஆகும். 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் நோவாவின் வெள்ளம் குறைவதற்கும் இந்த வினைதான் வருகிறது. தமிழ் பைபிள் அந்த இடத்தில் 'வடிந்தது' என்கிறது. நீர் என்றால் வடியத்தானே வேண்டும்.

இந்தச் சொல்லோடு எனக்கு மல்லுக்கட்டு வந்தது தொழில் வழியாக. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் மென்பொருள் எழுதும் ஒரு சிறிய குழுவில் இருக்கிறேன். ஐரோப்பிய பையர்கள் வருடம் தவறாமல் ஒரு சுற்றுச்சூழல் கேள்வித்தாள் அனுப்புவார்கள். எவ்வளவு தண்ணீர் எடுத்தாய், எவ்வளவு திரும்பப் பயன்படுத்தினாய், சேறு எங்கே போயிற்று என்று பக்கம் பக்கமாக நீளும். அதில் ஒரு பகுதிக்குத் தலைப்பே 'அபேட்மென்ட்'. பதிலுக்கான எண்களை உள்ளிடுகிறவர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் பார்க்கும் ஆபரேட்டர். அவருக்குத் திரை தமிழில் வேண்டும். 'தணிப்பு' என்று போட்டுப் பார்த்தோம். "காய்ச்ச மாத்திரை டப்பா மாதிரி இருக்குதுங்க" என்றார் கூட வேலை செய்கிற பெண். 'குறைப்பு' என்றால் சம்பளக் குறைப்பு ஞாபகம் வருகிறது. 'கட்டுப்பாடு' ஏற்கெனவே வாரியத்தின் பெயர்ப்பலகையில் இருக்கிறது. சரி, இந்த ஆங்கிலச் சொல்லுக்கு அடியில் என்னதான் இருக்கிறது என்று தோண்ட ஆரம்பித்தேன்.

அடியில் இருந்தது அடிதான். பழைய பிரெஞ்சில் 'அபாத்ர்' என்றால் அடித்து வீழ்த்துவது. அதற்கும் பின்னால் லத்தீனின் 'பாத்துயேரே', அடித்தல். அது லத்தீனுக்கே கடனாக வந்த சொல், கால் நாட்டுக் கெல்டியரிடமிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. இந்த அடியிலிருந்து கிளைத்த குடும்பம் பெரிது. பேட்டில், காம்பேட் இரண்டும் சண்டை. டிபேட் என்பது வாயால் அடித்துக்கொள்வது, டிவியில் இப்போது நடப்பதைப் பார்த்தால் சொல் வேரை மறக்கவில்லை என்று தெரியும். பேட்டரி முதலில் அடிப்பது, பிறகு பீரங்கி வரிசை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அந்தப் பெயரைத் தன் மின்கலங்களின் வரிசைக்குச் சூட்டிய பிறகுதான் அது நம் டார்ச் லைட்டுக்குள் வந்தது. கடையில் பாக்கெட்டில் விற்கும் 'தோசா பேட்டர்' கூட இதே வீட்டுப் பிள்ளை. அடித்துக் கலக்கியது, அதனால் பேட்டர்.

ஐடி கம்பெனிகளின் மெயில்களில் அடிக்கடி வரும் 'பேட்டட் பிரெத்' என்ற தொடரும் இங்கேதான் சேர்த்தி. அபேட்டின் தலையைக் கொய்தால் பேட். மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பது என்று பொருள். பாதிப் பேர் இதை மீன் தூண்டிலுக்கு மாட்டும் இரையின் எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்கள். அச்சில் இது முதலில் தென்படுவது ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில், ஷைலாக்கின் வாயில். தன் மேல் காறித் துப்பிய வியாபாரியே கடன் கேட்டு வந்து நிற்கும்போது, நான் குனிந்து கைகட்டி மூச்சை அடக்கிப் பேச வேண்டுமா என்று அவன் கேட்கிறான். கடன், வியாபாரம், அவமானம் மூன்றும் சேர்ந்த இடம்.

பிரெஞ்சில் மாடுகளை அடிக்கும் கூடத்துக்கும் இந்த வினையிலிருந்துதான் பெயர் வந்தது: அபாத்வார். ஆங்கிலம் அதையும் எடுத்துக்கொண்டது. அபாத்ர்-க்கு முன்னால் ஓர் ஒட்டு சேர்த்தால் வருவது ரிபேட், விலையில் அடித்துக் கழிப்பது. ஆக, மாட்டை வீழ்த்துவதும் விலையை வீழ்த்துவதும் அந்த ஊரில் ஒரே வினை. இதைப் படித்தபோது வெளிநாட்டு விஷயம் படிக்கிற மாதிரியே இல்லை. திருப்பூரில் ஏதாவது ஒரு செக்கிங் கான்ட்ராக்டரிடமோ நிட்டிங்காரரிடமோ போய் வியாபாரம் எப்படி என்று கேளுங்கள். "எங்கீங்க, அடிமாட்டு வெலைக்குக் கேக்கறான்" என்பார். அடிமாடு என்றால் அடிக்கப் போகிற மாடு. விலையை 'அடிச்சுப் பேசறது' நமக்கும் வழக்கம். பிரெஞ்சுக்காரனும் நாமும் கலந்து பேசிக்கொள்ளாமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். விலை தானாகக் குறையாது, யாரோ அடிக்க வேண்டும், யார் மேலோ அந்த அடி விழும் என்பது இரண்டு ஊர்க் கடைவீதிக்கும் தெரிந்திருக்கிறது.

(இதன் பங்காளியான 'ரிட்யூஸ்' அவ்வளவு முரடன் இல்லை. லத்தீனில் அது திரும்ப அழைத்து வருவது. நிரல் எழுதும்போது ஒரு நீண்ட பட்டியலை ஒற்றை விடையாகச் சுருக்குகிற ரிட்யூஸுக்கு அந்தப் பழைய பொருள் நன்றாகவே பொருந்துகிறது. சாயப்பட்டறையில் ஹைட்ரோ போட்டுச் செய்கிற ரிடக்‌ஷன் வேறு கதை. அங்கே எதுவும் குறைவதில்லை, எலக்ட்ரான் கூடுகிறது.)

கணக்கு எழுதுகிறவர்களுக்கு அபேட்மென்ட் பழகிய சொல். 2011 மத்திய பட்ஜெட்டில் பிராண்டு பெயரோடு விற்கும் ஆயத்த ஆடைகளுக்கு 10 சதவீத கலால் வரியைக் கட்டாயமாக்கினார்கள். வரி முழு விலைக்கும் இல்லை. சில்லறை விலையில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான். எதிர்ப்பு கிளம்பியதும் அந்தக் கழிவை 55 சதவீதமாக்கினார்கள். அடுத்த வருடம் வரி 12 சதவீதமானது, கழிவு 70 சதவீதமானது. வீதம் ஏறியது, சுமை இறங்கியது: 4.5லிருந்து 3.6க்கு. 2013இல் பழையபடி வரியில்லாத வழியைத் திறந்துவிட்டார்கள். அந்தக் கழிவுக்குச் சட்டத்தில் பெயர் அபேட்மென்ட். காதர்பேட்டையில் கடை வைத்திருப்பவர் பேச்சில் அது 'கழிவு'. ஏற்றுமதிக்காரர்களுக்கு 2019 மார்ச்சிலிருந்து கிடைக்கிற மாநில, மத்திய வரித் திருப்பத்தின் பெயரிலும் ரிபேட் இருக்கிறது.

கழிவு என்ற சொல்லில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். புத்தகக் கடையில் 10 சதவீதம் கழிவு என்றால் விலையில் விடுவது. சாயப்பட்டறைக்குப் பின்பக்கம் கழிவு என்றால் குழாயில் போவது. இரண்டும் ஒரே 'கழி'. ஒரு கணக்கிலிருந்து எடுத்து வெளியே வைப்பது. வெளியே வைத்த பிறகு அது யார் கணக்கில் ஏறுகிறது என்பதைச் சொல் சொல்வதில்லை.

தள்ளுபடியும் அப்படித்தான். கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடி என்றால் வாசலில் கூட்டம். கோர்ட்டில் தள்ளுபடி என்றால் வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷன். அபேட்டுக்கும் கடைவீதியில் ஒரு வீடு, கோர்ட்டில் ஒரு வீடு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 22ஆவது கட்டளைப்படி, வழக்காடுகிற தரப்பில் ஒருவர் இறந்துபோய், வழக்குரிமை அவருக்குப் பின்னும் தொடரக்கூடியதாக இருந்தால், 90 நாட்களுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். போடாவிட்டால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அபேட் ஆகிவிடும். சட்டத் தமிழில் அற்றுப்போதல். அதை நீக்கக் கேட்க இன்னும் 60 நாள் உண்டு. தாராபுரம், காங்கயம் பக்கம் பங்காளி வழக்கு இல்லாத குடும்பம் குறைவு. "கேஸ் அபேட் ஆயிருச்சு" என்று ஆங்கிலம் தெரியாத பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். யாரும் தோற்கவில்லை, யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆள் போனான், வழக்கு அற்றுப்போனது. அபேட்டின் மிக மென்மையான, மிகக் கொடுமையான பொருள் இது என்று எனக்குத் தோன்றும்.

அதே கோர்ட்டில் இதற்கு நேர் எதிரான பொருளும் உண்டு. பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் ஒருவன் கட்டிய சுவரோ தடுப்போ பக்கத்து நிலத்துக்காரனுக்குத் தொல்லையாக இருந்தால், பாதிக்கப்பட்டவன் தானே போய் அதை இடித்துப் போட உரிமை இருந்தது. இந்த இடித்தலுக்கும் அபேட் என்றுதான் பெயர். வேர்ப்பொருள் அப்படியே, கையில் கடப்பாரையோடு. பின்னால் அந்த உரிமை சுருங்கி அதிகாரியின் கைக்குப் போனது. 2024 வரை நடப்பில் இருந்த நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவு அந்த வழியில் வந்தது, பொதுத்தொல்லையை நீக்கச் சொல்லி நடுவர் உத்தரவிடலாம் என்றது. 1980இல் ரத்லாம் நகராட்சி வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இந்தப் பிரிவைத்தான் பிடித்துக்கொண்டார். சாக்கடை கட்டப் பணமில்லை என்று நகராட்சி சொன்னதை அவர் ஏற்கவில்லை.

ஆக, ஒரே சொல்லில் இரண்டு ஆட்கள். ஒருவர் தானாக ஓய்ந்துபோகிறவர். இன்னொருவர் கடப்பாரை எடுத்து வருகிறவர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வடிவம் ஒன்றுதான். புயல் அபேட் ஆகிறது, அதிகாரி தொல்லையை அபேட் செய்கிறார், நடுவில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. அதைப் பெயர்ச்சொல்லாக்கி அபேட்மென்ட் என்றுவிட்டால் மிச்சமிருந்த அடையாளமும் போய்விடும். செய்கிறவர் இருக்கிறாரா இல்லையா என்று கேட்கக்கூட அந்தச் சொல்லில் பிடி கிடையாது.

தமிழில் இந்தச் சௌகரியம் இல்லை. தணிந்தது, தணித்தது. குறைந்தது, குறைத்தது. அடங்கியது, அடக்கியது. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்து மறந்ததுதான். ஒரு மெல்லெழுத்துக்கும் வல்லெழுத்துக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிறான். 'விலை குறைந்தது' என்றால் கேட்பவர் தலையாட்டுவார். 'விலையைக் குறைத்தது' என்றால் யாரு என்பார். இந்த வேறுபாட்டை இலக்கண ரசனையாகச் சொல்லவில்லை. நொய்யல் ஆற்றின் கதை முழுவதும் இந்த இரண்டு எழுத்துக்கு நடுவில்தான் கிடக்கிறது.

1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவு மத்திய அரசுக்கு மாசு விஷயத்தில் மூன்று வேலைகளைக் கொடுக்கிறது: தடுப்பது, கட்டுப்படுத்துவது, அபேட் செய்வது. 1992 பிப்ரவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. தலைப்பிலேயே அபேட்மென்ட், மாசின் அபேட்மென்ட்டுக்கான கொள்கை அறிக்கை. அதே 1992இல்தான் இங்கே சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. வெள்ளியங்கிரியில் தொடங்கி கோவையையும் திருப்பூரையும் தாண்டி கரூர் மாவட்டத்தில் காவிரியைத் தொடுகிற ஆறு. பாசனத்துக்காகக் கட்டிய அணை. சில வருடங்களில் கீழேயுள்ள விவசாயிகளே 'தயவுசெய்து மதகைத் திறக்காதீங்க' என்று கேட்கும் நிலைக்கு வந்தது. தண்ணீர் வேண்டாம் என்று விவசாயி சொன்ன அணை வேறு எங்காவது இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

அணைக்குள் வந்து நின்றது சாயம் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். படங்களில் ஆறு ஊதாவாகவும் கறுப்பாகவும் தெரியும். நிறம் கண்ணுக்குத் தெரிகிற சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினைக்கு நிறம் கிடையாது. அது உப்பு.

என் மாமா ஒருவர் பட்டறை வைத்திருந்தவர். அவர்தான் எனக்கு இதைப் புரியவைத்தார். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது சாயம் நூலோடு ஒட்டத் தயங்கும். பருத்தியும் சாயமும் தண்ணீரில் ஒரே மாதிரி மின்னூட்டத்தோடு இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும். நடுவில் உப்பைப் போட்டால் அந்தத் தயக்கம் போகும். சாதா உப்பு, இல்லையென்றால் கிளாபர் உப்பு என்கிற சோடியம் சல்பேட். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் போதும். கறுப்பு, நேவி, கடும் சிவப்பு என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 70, 80 கிராம் வரை போகும். கிலோ துணிக்கு ஆறு லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலே, ஒரு கிலோ கறுப்புத் துணிக்கு ஏறத்தாழ அரைக் கிலோ உப்பு. நாம் போடுகிற கறுப்பு டீ-ஷர்ட் 160 கிராம் என்றால் அதற்குப் பின்னால் கிட்டத்தட்ட 80 கிராம் உப்பு இருக்கிறது. "பொரியலுக்குப் போட்டா நாக்குக்குப் போவும் மாப்ள, இது எங்கயும் போவாது" என்றார் மாமா. அதுதான் விஷயம். உப்பு தரகர் வேலை பார்க்கிறது. சாயத்தையும் நூலையும் சேர்த்துவைத்துவிட்டு, போட்ட அளவு குறையாமல் அப்படியே தண்ணீரில் இருக்கிறது. துணி ஒரு துளியைக்கூட எடுத்துக்கொள்வதில்லை.

கழிவுநீரில் உள்ள மற்றவற்றுக்கு அபேட் என்ற சொல் நன்றாகவே பொருந்தும். ஸ்டார்ச், சோப்பு, எண்ணெய் போன்ற கரிமப் பொருட்களை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். காற்று ஊதி, நேரம் கொடுத்தால் அது தணியும். நிறத்தை ஓசோனோ குளோரினோ உடைக்கும். உப்பைத் தின்ன எந்தப் பூச்சியும் இல்லை, உடைக்க எந்த மருந்தும் இல்லை. 1990களில் ஊரில் முதலில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு அழுக்கைப் படியவைத்தன. அழுக்கு படிந்தது. போட்ட ரசாயனத்தின் பங்குக்குக் கரைந்த உப்பு இன்னும் ஏறியது. ஆற்றில் விடும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது மாசு கட்டுப்பாடு வாரியத்தின் அளவு. அந்த அளவுக்கு அருகில்கூட அப்போதைய நிலையங்களால் வர முடியாது, ஏனென்றால் அவற்றில் உப்பை எடுக்கும் உறுப்பே கிடையாது. கோப்புகளில் அபேட்மென்ட் நடந்துகொண்டிருந்தது, ஆற்றில் உப்பு ஏறிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற நிலைக்குப் பட்டறைகள் வர வேண்டும் என்று கெடு வைத்தது. அதுவரை வெளியே விடும் நீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் அபராதம். அதற்கு முன்பே, சூழல் இழப்பு ஆணையம் என்று ஒன்று 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டிருந்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரம்கூட வராது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இன்னும் மூன்று மாதம் கொடுத்தது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னது. 700க்கும் மேற்பட்டவை.

இருபது வருடமாகப் பெயர்ச்சொல்லாகவே திரிந்துகொண்டிருந்த அபேட் அன்றைக்குத்தான் வினைச்சொல்லானது. அதுவும் வேர்ப்பொருளில், அடித்து வீழ்த்துவதாக. எழுவாய் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அடி விழுந்த இடங்கள் வேறு வேறு. துணி லாரி ஏறி வெளியூர்களுக்குச் சாயம் போகப் போனது. பட்டறையில் கூலிக்கு நின்றவர்கள் ஊருக்குப் பஸ் ஏறினார்கள். மாமா மெஷினை விற்றார், பழைய இரும்பு விலைக்கு. அதை 'அடிமாட்டு விலை' என்றுதான் அவரும் சொன்னார். இந்த உத்தரவு தேவையா என்று என்னிடம் யாராவது கேட்டால், தேவை என்றுதான் சொல்வேன், மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும். இருபது வருடம் தானாகத் தணியும் என்று எல்லோரும் காத்திருந்ததால்தான் ஒரே நாளில் அடிக்க வேண்டி வந்தது.

என் பெரியப்பாவின் தோட்டம் அணைக்குக் கீழே. ஒரு காலத்தில் மஞ்சள் வைத்த பூமி. இப்போது தென்னையும் மாட்டுத் தீவனமும். அவருக்கு மீட்டர் வேண்டாம், நாக்கில் வைத்தாலே உப்பு சொல்வார். பட்டறைகள் திரும்பத் திறந்து, வெளியே விடாத முறைக்கு வந்த பிறகு ஒரு நாள் கேட்டேன்.

"இப்பல்லாம் பட்டறத் தண்ணி முன்ன மாதிரி வர்றதில்லைங்களே பெரியப்பா, கெணத்துல உப்புக் கொறஞ்சிருக்கணுமே?"

"கொறஞ்சிருக்கணும்னா?" என்றார். "ஆரு கொறச்சாங்க கண்ணு?"

நான் பதில் சொல்லவில்லை.

"அங்க வுடறத நிறுத்துனாங்க, செரி. இங்க வந்தத ஆரு எடுத்தாங்க? மழ நல்லாப் பேஞ்சா ரெண்டு மாசம் வாய்ல வைக்கலாம். வெயிலு வந்தா மறுக்கா ஏறிக்குது. அது எங்கயும் போவல. மண்ணுல உக்காந்திருக்குது."

அவர் எந்த இலக்கணமும் படித்தவரில்லை. நான் தன்வினையில் கேட்டேன், அவர் பிறவினையில் திருப்பிக் கொடுத்தார். நிறுத்துவது ஒரு வேலை, எடுப்பது வேறு வேலை என்று பிரித்தும் காட்டிவிட்டார். ஆங்கிலக் கேள்வித்தாள் இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டு, முதல் வேலைக்கு மட்டும் கட்டம் கொடுக்கிறது. இரண்டாவதுக்கு எழுவாய் இன்னும் கிடைக்கவில்லை. ஆற்றோரத்துக் கிணற்றில் இருக்கிற உப்பு எந்தக் கம்பெனியின் கணக்கிலும் இல்லை, எந்த பையரின் படிவத்திலும் இல்லை.

முதல் வேலை நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைப் போல இந்த அளவில் நீரைத் திருப்பி எடுக்கும் சாயத்தொழில் உலகத்தில் அதிகம் கிடையாது. முதலில் நுண்ணுயிர், பிறகு வடிகட்டி, பிறகு ஆர்ஓ சவ்வு. நல்ல நீர் திரும்பப் பட்டறைக்குப் போகிறது. மிஞ்சுகிற கெட்டியான உப்புநீரை ஆவியாக்குகிறார்கள். அதற்கு ஆகிற விறகும் கரண்டும் கொஞ்சநஞ்சமில்லை, ஜாப் வொர்க் ரேட்டில் இதுவும் ஏறித்தான் வருகிறது. கிளாபர் உப்பைப் படிகமாக்கி எடுத்தால் மறுபடி சாயத்தொட்டிக்கே போடலாம். அருள்புரத்தில் உப்புநீரையே அப்படித் திருப்பிப் பயன்படுத்தும் முறையை வெற்றிகரமாகச் செய்து காட்டினார்கள். 'ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ' என்ற கணக்கில் பெரும்பகுதி இப்போது ஆற்றுக்குப் போகாமல் உள்ளேயே சுற்றுகிறது.

பெரும்பகுதிதான், முழுவதும் இல்லை. எல்லா வடிகட்டலுக்கும் பிறகு கடைசியில் ஒன்று மிஞ்சும். குளோரைடும் சல்பேட்டும் சாயத்தின் மிச்சமும் கலந்த பழுப்பு நிற உப்பு. தொட்டிக்குத் திரும்பப் போட முடியாது, நிறம் கெடும். சேற்றையாவது சிமென்ட் ஆலைகள் எரிபொருளோடு சேர்த்து வாங்கிக்கொள்கின்றன. உப்பை உலையில் போட அவர்கள் தயங்குகிறார்கள். பள்ளம் தோண்டிப் புதைக்கலாம் என்றால் ஒரு நல்ல மழைக்குக் கரைந்து கிளம்பிவிடும். ஆகவே மூட்டை கட்டி, கூரை போட்ட ஷெட்டில் அடுக்குகிறார்கள். திருப்பூரில் ஆறு சுமந்ததை இப்போது ஷெட்டுகள் சுமக்கின்றன. திரவம் பூஜ்யம் என்று பெயரில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். திடத்தைப் பற்றி யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

அப்படி ஒரு ஷெட்டுக்குள் போயிருக்கிறேன். கூரை உயரத்துக்கு வெள்ளைச் சாக்குகள், அடி வரிசையில் சில பிசுபிசுத்துத் தரையில் ஈரம் கோர்த்திருந்தன. உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆபரேட்டர் ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை மூட்டை ஏறியது என்று நோட்டில் எழுதுகிறார். அந்த நோட்டைத்தான் நாங்கள் மென்பொருளாக்கிக்கொண்டிருந்தோம். வெளியே போகிற மூட்டைக்கு ஒரு பத்தி வேண்டுமா என்று கேட்டேன்.

"போட்டு வெய்ங்க சார், பின்னால வேணும்னாலும் வேணும்" என்றார். பிறகு ஷெட்டின் மேற்குப் பக்கத்தைக் காட்டினார். தகரம் ஓரிடத்தில் துருவேறிப் பொத்தலாகியிருந்தது. "ஐப்பசிக்குள்ள அதுக்குத் தார்ப்பாய் மாத்தணும்."